நாலு நொடிப் பொற்காலம்

'தங்கக் களம்' தொலைக்காட்சியின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. விளையாட்டுக்கென்றே இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் சேனல் ஒன்று நம்ம புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மஞ்சள் பங்களாவிலிருந்து இயங்குகிறது என்பதில் மற்றவர்களைப் போல எனக்கும் பெருமைதான். அந்தச் சேனல் விளையாட்டைக் காட்டுவதில்லை என்பது ஒன்றுதான் குறை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

ஆரம்பத்தில் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு 'பொற்காலப் பந்து' என்று ஒரு நிகழ்ச்சி. பழைய கால்பந்து ஆட்டம் ஒன்றை முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை முழுதாகப் போடுவார்கள். பிரேசில்காரன் ஆடியது, ஹங்கேரிக்காரன் ஆடியது, பேர் தெரியாத ஊர்க்காரன் சேற்றில் புரண்டது எல்லாம் வரும். யார் ஜெயித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கோல் கீப்பரைத் திட்டிக்கொண்டே பார்ப்போம். அந்த நேரத்தில் நெல்லித்தோப்பில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால், பாதித் தலையோடு இடைவேளைவரை காத்திருக்க வேண்டும்.

பிறகு சேனலில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆய்வு என்று வந்துவிட்டால் எதையாவது குறைத்தாக வேண்டும். தொண்ணூறு நிமிடம் நாற்பதாயிற்று. அதற்குச் 'சாரம்' என்று பேர். நாற்பது பத்தாயிற்று. அது 'சாரத்தின் சாரம்'. அப்புறம் கோல் மட்டும். அப்புறம் கோலுக்குள் பந்து நுழைவது மட்டும். யார் அடித்தது, எங்கிருந்து அடித்தது என்பதெல்லாம் பார்க்கிறவர் பொறுப்பு. இப்போது நிகழ்ச்சி ஒரு மணி நேரம். அதில் நாலு நிபுணர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு அரைவட்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். பழைய ஆட்டம் நாலே நாலு நொடி, திரையின் மூலையில், தபால்தலை அளவுக்கு வருகிறது. அதன்மேலும் ஒரு சிமெண்ட் விளம்பரம் ஊர்ந்து போகும். கலரில் எடுத்த ஆட்டத்தைக்கூடக் கறுப்பு வெள்ளையாக்கித்தான் போடுகிறார்கள். பழசு என்றால் கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, கலியமூர்த்தியைத் தவிர.

கலியமூர்த்திக்கு வயது அறுபத்தொன்று. மில் இருந்த காலத்தில் மில்லில் இருந்தார். மில்லை மூடிய பிறகு என்னென்னவோ வேலை பார்த்துவிட்டு, இப்போது நோணாங்குப்பம் படகுத் துறையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார். 1988இல் மில் அணிக்கும் அரியாங்குப்பம் அணிக்கும் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், அவர் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போயிற்று. மில் அணி ஜெயித்தது. இது கலியமூர்த்தி சொல்வது.

பந்து போகவில்லை, கோட்டின் மேலேயே பிடித்துவிட்டேன், விசில் ஊதிய நடுவர் மில்காரன் ஒருத்தனுக்குச் சொந்தம். இது இராமதாஸ் சொல்வது. இராமதாஸ்தான் அன்றைக்கு அரியாங்குப்பத்தின் கோல் கீப்பர். இப்போது அங்கேயே சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

அவரவர் ஊரில் இருந்துகொண்டு சொன்ன வரைக்கும் தொந்தரவில்லை. நடுவில் ஆறு இருந்தது. ஆனால் கலியமூர்த்தியின் மகள் கலைவாணியும் இராமதாஸின் மகன் வினோத்குமாரும் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பஸ்ஸில் போய்வந்து, கடைசியில் கல்யாணமும் செய்துகொண்டார்கள். பந்து ஆற்றைத் தாண்டிக் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. நிச்சயதார்த்தத்தில் ஒரு சண்டை, கல்யாணத்தில் இரண்டு, வளைகாப்பில் வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒன்று. பேரன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில், "பாருங்க சம்பந்தி, புள்ளைக்குப் பந்து புடிக்கிற கை" என்று இராமதாஸ் சொல்லப்போக, "அதெல்லாம் இல்ல, முட்டுற தலை" என்று கலியமூர்த்தி பதில் சொல்லப்போக, நர்ஸ் வந்து இரண்டு பேரையும் வராந்தாவுக்கு அனுப்பினாள்.

பிள்ளைக்குப் பதினோரு மாதம் ஆனபோது கலைவாணி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள்.

"அப்பா, மாமா, நல்லா கேட்டுக்குங்க. ஆவணியில புள்ளைக்குக் காது குத்தப்போறோம். அதுக்குள்ள அந்தப் பந்து உள்ள போச்சா இல்லியான்னு ஒரு முடிவுக்கு வாங்க. வரலன்னா நானும் அவரும் மட்டும் புள்ளையத் தூக்கினு போயி குத்திக்கினு வந்துடுவோம். ரெண்டு தாத்தாவும் அவங்கவங்க வூட்ல உக்காந்து ஃபுட்பால் பேசிக்கினு இருங்க."

கலியமூர்த்திக்கு உடனே அரிசிப் பானைதான் ஞாபகத்துக்கு வந்தது. பேரனுக்கென்று செய்து வாங்கிய தோடு அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. தினமும் ஒரு தடவை கையைவிட்டுத் தடவிப் பார்த்துக்கொள்வார். அந்தத் தோட்டை மாட்டும்போது பக்கத்தில் நிற்காமல் அவர் என்ன தாத்தா? ஆனால் அதற்காகப் பந்து உள்ளே போகவில்லை என்று சொல்லிவிட முடியுமா? போனதே!

அந்த ஆட்டத்தை ஒருவர் படம் பிடித்திருந்தார். நெல்லித்தோப்பு வெற்றிவேல். கல்யாண வீடியோக்காரர், அப்போது எங்கள் பக்கத்தில் வீடியோ கேமரா வைத்திருந்த ஒரே ஆள். உள்ளே போனதா அண்ணே என்று கலியமூர்த்தி கேட்காத வருஷம் இல்லை.

"ரெண்டாயிரம் கல்யாணம் எடுத்துட்டேன் மூர்த்தி. எவன் எவளுக்குத் தாலி கட்டினான்னே ஞாபகம் இல்ல. நீ பந்தப் போயி கேக்குற" என்பார் வெற்றிவேல். கேசட்டும் அவரிடம் இல்லை. சேனல் ஆரம்பித்த புதிதில் உள்ளூர் ஆட்டங்களும் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார்கள். ஒரு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சேனலில் விளம்பரம் வந்தது. 'இந்த ஞாயிறு, பொற்காலப் பந்தில், 1988! மில்லா? அரியாங்குப்பமா? காணத் தவறாதீர்கள்!'

கலியமூர்த்தி வீட்டில் அன்றைக்கு இரண்டு குடும்பமும் கூடியது. அவர் மனைவி செல்வாம்பாள் கேசரி கிண்டினாள். உள்ளே போனால் கலியமூர்த்திக்கு முதல் தட்டு, போகாவிட்டால் சம்பந்திக்கு முதல் தட்டு என்று ஏற்பாடு. நாலு மணிக்கு ஆரம்பித்த பேச்சு நாலு ஐம்பத்தைந்துக்கும் ஓயவில்லை. திடீரென்று மூலையில் தபால்தலை தோன்றியது. மில்லின் சிவப்பும் அரியாங்குப்பத்தின் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக, யார் எந்த அணி என்று தெரியாமல் இருபத்திரண்டு பேரும் ஓடினார்கள். கார்னரிலிருந்து பந்து வந்தது. ஒரு சாம்பல் ஆள் எழும்பினான். அவ்வளவுதான். திரை முழுக்க ஒரு நிபுணரின் முகம் வந்து, "அடடா!" என்றது. நிகழ்ச்சி முடிந்தது.

அந்த 'அடடா' உள்ளே போனதற்கா, போகாததற்கா என்று அடுத்த சண்டை தொடங்கியது. கேசரியை யாருமே தொடவில்லை. கலைவாணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை கலியமூர்த்தி படகுத் துறையில் லீவு சொல்லிவிட்டு மஞ்சள் பங்களாவுக்குப் போனார்.

வாசலில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். தலைப்பு 'நினைவுக் கோரிக்கை'. நினைவின் தன்மை: இனிமை, மிக இனிமை, இரண்டில் ஒன்றை டிக் செய்க. பார்த்தால் கண்ணீர் வருமா? வரும் எனில் எத்தனையாவது நொடியில்? இந்த நினைவில் தாங்கள் இருக்கிறீர்களா? இருந்தால், ஏன்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் கலியமூர்த்தி ரொம்ப நேரம் யோசித்தார். 'அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட் இல்லை' என்று எழுதினார்.

இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். கதவில், 'நிர்மலாதேவி, துணைத் தலைவர், நெகிழ்ச்சிப் பிரிவு' என்று போட்டிருந்தது. உள்ளே ஏசி பலமாக இருந்தது.

"போன்ழூர்! வணக்கம், உட்காருங்க சார். நீங்கதான் அந்த எண்பத்தெட்டா?" என்றார் நிர்மலாதேவி. "பழைய ஃபுட்பாலை நாங்க எவ்வளவு மதிக்கிறோம்னு உங்களுக்குத் தெரியாது. மதிக்கிறதாலதான் காட்டறதில்ல."

"காட்டினா என்னம்மா?"

"காட்டிப் பாத்தோமே! ஆய்வுல என்ன தெரிஞ்சுது தெரியுமா? முழு ஆட்டத்தையும் போட்டா ஜனங்க அதைப் பாக்கிறாங்க சார். பாத்துக்கிட்டே இருக்காங்க. நடுவுல எங்க நிபுணர் வந்து ரெண்டு வார்த்தை பேசினா, 'யோவ், தள்ளுய்யா'ன்னு டிவியப் பாத்துச் சொல்றாங்க. அவருக்கு எவ்வளவு மனசு கஷ்டமா இருக்கும்? கோட்டு தைக்கவே எங்களுக்கு எவ்வளவு ஆகுது?"

கலியமூர்த்திக்கு அந்த நிபுணரை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. "சரிம்மா, நாலு நொடின்னு எப்பிடி முடிவு பண்ணீங்க?"

"அது ரொம்ப விஞ்ஞான பூர்வமானது. அஞ்சாவது நொடியில பாக்கிறவருக்கு ஆட்டம் புரிய ஆரம்பிச்சுடுது. அவருக்கே புரிஞ்சுட்டா அப்புறம் எங்களுக்கு என்ன வேலை?"

"எனக்கு அந்த அஞ்சாவது நொடி மட்டும் குடுத்தா போதும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

நிர்மலாதேவி இரக்கத்தோடு பார்த்தார். "அஞ்சாவது நொடி எங்க பாலிசியிலயே இல்ல சார்" என்றார். ஆவணக் காப்பகத்தில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று பின்கட்டுக்கு அனுப்பினார்.

ஆவணக் காப்பகம் பெரிய அறை. அதில் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலியில் காப்பாளர் ஹரிகிருஷ்ணன் இருந்தார். வேறு எதுவும் இல்லை.

"கேசட்டெல்லாம் எங்க சார்?" என்றார் கலியமூர்த்தி.

"செட்டுல."

"செட்டுலன்னா?"

"பொற்காலப் பந்து பாக்கிறீங்க இல்ல? நிபுணருங்களுக்குப் பின்னாடி செவுரு முழுக்க பழைய கேசட்டா அடுக்கி இருக்கும் பாருங்க. பாரம்பரியமா தெரியணும்னு சொன்னாங்க. மொத்த ஆவணத்தையும் பசை போட்டு ஒட்டிட்டோம். உங்க எண்பத்தெட்டு நாலாவது வரிசையில ஏழாவது. தொகுப்பாளர் மேடத்தோட கொண்டைக்கு நேர் மேல."

"அப்போ நேத்து காட்டின நாலு நொடி?"

"ஒட்டறதுக்கு முன்னால ஒவ்வொண்ணுலயும் நாலு நொடி கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கிட்டோம். அதுக்குமேல தேவைப்படலையே."

கலியமூர்த்தி விடவில்லை. ஒரே ஒரு கேசட்டை உரித்துக் கொடுக்க முடியாதா என்று கெஞ்சினார். ஹரிகிருஷ்ணன் நல்ல மனுஷர். பல வருஷமாக யாரும் அந்த அறைக்கு வந்து எதையும் கேட்டதில்லை என்பதால் அவருக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சியும் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"விதி பதினாலுன்னு ஒண்ணு இருக்கு. நிகழ்ச்சியில உக்காந்திருக்கிற நிபுணர், 'ஆதாரத்தைப் பாக்கணும்'னு கேட்டா எடுத்துக் காட்டியே ஆகணும். இதுவரைக்கும் எந்த நிபுணரும் கேட்டதில்ல. நீங்க நிபுணர் ஆயிடுங்க. ஆனா ஒண்ணு, கேசட்டைப் போட்டுப் பாக்கிற மெஷின் இந்தக் கட்டடத்துலயே கிடையாது. அதையும் நீங்கதான் கொண்டாரணும்."

கலியமூர்த்தி மறுபடி ஏசி அறைக்குப் போனார். நிபுணர் ஆக வேண்டும் என்றார். நிர்மலாதேவிக்கு ஏக சந்தோஷம். போன நிகழ்ச்சியில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய் இரண்டு பேர் ஓய்வில் இருந்தார்கள்.

"தகுதி ஒண்ணே ஒண்ணுதான் சார். நீங்க ஃபுட்பால் ஆடியிருக்கக் கூடாது."

"ஆடினவங்கதானே..."

"ஐயோ, பட்டுட்டோம் சார்! போன வருஷம் பெரிய ஆட்டக்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டோம். 'அன்னைக்கு ஏன் தோத்தீங்க'ன்னு கேட்டோம். 'அவங்க நல்லா ஆடினாங்க'ன்னுட்டு தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டார். ஒன்றரை நொடி! மீதி ஐம்பத்தொம்பது நிமிஷத்துக்கு நாங்க எங்க போறது? நடந்தது தெரிஞ்சவரை உக்கார வச்சா விவாதமே நடக்காது. அதனால ஒரு உறுதிமொழி வாங்கிக்கறோம்."

தாளில் இப்படி அச்சடித்திருந்தது: 'நான் என் வாழ்நாளில் ஒருபோதும் கால்பந்து ஆடியதில்லை. எனவே கால்பந்து பற்றி நடுநிலையோடு பேசத் தகுதி உடையவன் என்று உளமார உறுதி கூறுகிறேன்.'

கலியமூர்த்தி பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கிழிந்த பூட்ஸ், முழங்கால் தழும்பு, ஷிஃப்ட் முடிந்து வெயிலில் ஓடிய சாயங்காலங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. வாழ்க்கையில் அவர் உருப்படியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஒரே காரியத்தைச் செய்யவே இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்ததற்கான ஆதாரத்தைப் பார்ப்பதற்காக.

"தலையால முட்டினது?" என்று கேட்டார்.

"தலையும் அடக்கம் சார்."

அரிசிப் பானையில் கிடக்கும் தோட்டை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிவேலையும் கூட்டிக்கொண்டு போனார். வெற்றிவேல் தன் பழைய கேசட் பிளேயரை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கலியமூர்த்திக்கு முகத்தில் மாவு பூசிக் கோட்டு மாட்டினார்கள். பேன்ட் தரவில்லை. மேஜைக்குக் கீழே நடப்பதில் சேனலுக்கு அக்கறை கிடையாது என்பதால் லுங்கியோடேயே உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியிலும் கோட்டும் லுங்கியுமாக இன்னொரு நிபுணர் மாவு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் சார்" என்றார் கலியமூர்த்தி மரியாதையாக.

"வணக்..." என்று திரும்பியவர் இராமதாஸ்.

கலியமூர்த்தி சம்பந்தியின் கோட்டையும் லுங்கியையும் ஒரு தடவை பார்த்தார்.

"சம்பந்தி, நீங்களுமா கையெழுத்து போட்டீங்க?"

"போட்டேன். எனக்கும் அந்த ஆதாரத்தப் பாக்கணுமே. பந்தக் கையால புடிச்சதும் அடக்கம்னுட்டாங்க." இராமதாஸ் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "முப்பத்தேழு வருஷமா சைக்கிள் கடையில மாட்டி வச்சிருக்கேன் சம்பந்தி, அந்த கிளவுஸ. காலையில கடை தொறக்கறப்ப அதுங்க மூஞ்சியில முழிக்க முடியல."

விளக்குகள் எரிந்தன. தொகுப்பாளர் செந்தமிழ்ச்செல்வி கேமராவைப் பார்த்துச் சிரித்தார். திரையில் கலியமூர்த்தியின் முகத்துக்குக் கீழே, 'கலியமூர்த்தி, கால்பந்து நிபுணர், ஆடியதில்லை' என்று எழுத்து ஓடியது. இராமதாஸுக்கும் அப்படியே. சேனலின் நேர்மைக்குச் சான்றாக, இருவரின் உறுதிமொழித் தாள்களும் திரை முழுக்க இருபது நொடி காட்டப்பட்டன. ஆட்டத்தைக் காட்டியதைவிட ஐந்து மடங்கு. நான் அப்போது முடிவெட்டும் கடையில் இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கலியமூர்த்தியின் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள்.

"1988இல் அந்தப் பந்துக்கு என்ன நேர்ந்தது?" என்று போன வாரம் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தார் செந்தமிழ்ச்செல்வி.

"பந்து என்பது முதலில் உருண்டை" என்றார் மூத்த நிபுணர் ஒருவர். "அதை நாம் மறந்துவிடுகிறோம். உருண்டையான பொருளுக்கு உள்ளே, வெளியே என்ற பேதம் கிடையாது." இதை அவர் பதினெட்டு நிமிடம் சொன்னார்.

இன்னொரு நிபுணர் கம்ப்யூட்டரில் செய்த படம் ஒன்றைப் போட்டார். அதில் மில் மைதானம் எண்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கமாக இருந்தது. கலியமூர்த்தி செம்பட்டை முடியும் தாடியுமாக ஆறரை அடி உயரத்தில் நின்றார். நேயர்கள் வாக்களித்த முடிவு கீழே ஓடியது: பந்து உள்ளே போனது 31 சதவீதம், போகவில்லை 31 சதவீதம், எந்தப் பந்து? 38 சதவீதம்.

"புது நிபுணர் என்ன நினைக்கிறீர்கள்?" என்று செந்தமிழ்ச்செல்வி திரும்பினார்.

கலியமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "விதி பதினாலு. எனக்கு ஆதாரத்தப் பாக்கணும்."

மூத்த நிபுணர் பயந்துபோய்த் தன் கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டார். ஹரிகிருஷ்ணன் மட்டும் தயாராக ஸ்குரூ டிரைவரோடு ஏணியில் ஏறினார். தொகுப்பாளரின் கொண்டைக்கு நேர் மேலே நெம்பினார். எண்பத்தெட்டோடு சேர்ந்து நாலாவது வரிசையும், அதோடு ஐந்தாவதும் ஆறாவதும், அப்பளம்போலப் பெயர்ந்து வந்தன. செந்தமிழ்ச்செல்வி சிரிப்பு மாறாமல் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். வெற்றிவேல் பெட்ஷீட்டைப் பிரித்தார்.

மேஜைக்கு எதிரே இருந்த பெரிய டிவியில் படம் ஓடத் தொடங்கியது. கலர்! சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் இருந்தது. மைதானத்து ஓரம் பூவரச மரம்கூடத் தெரிந்தது. கோலுக்கு முன்னால் தலை நிறைய முடியோடு ஓர் இளைஞன் குதித்துக்கொண்டிருந்தான். "நான்தான்" என்றார் கலியமூர்த்தி. அவருக்கு அழுகை வந்துவிட்டது. "அது நான்" என்றார் இராமதாஸ், மஞ்சள் சட்டை கீப்பரைக் காட்டி. கார்னரிலிருந்து பந்து வந்தது. ஒரு நொடி, இரண்டு, மூன்று, இளைஞன் எழும்பினான், நாலு.

"கட்!" என்று டைரக்டர் கத்தினார். வீடுகளில் சிமெண்ட் விளம்பரம் ஓடியது.

ஆனால் அரங்கத்து டிவியில் கேசட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கலியமூர்த்தியின் தலையில் பந்து பட்டது. பட்ட அதே கணம், மில்காரர்கள் கொண்டுவந்திருந்த மேளம் டமடமவென்று முழங்கியது. மேளச் சத்தம் கேட்டதும் கேமரா விருட்டென்று திரும்பி மேடைக்குப் போய்விட்டது. மேடையில் அன்றைய சிறப்பு விருந்தினர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர். மார்பு நிறைய மெடல். மடியில் வேர்க்கடலை. அவர் ஒரு கடலையை உடைத்தார், ஊதினார், வாயில் போட்டார். அடுத்ததை எடுத்தார். முப்பத்தைந்து நொடி இது நடந்தது. பிறகு கேமரா பெண்கள் வரிசைக்குப் போயிற்று.

"யோவ் வெற்றிவேலு!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள். முப்பத்தேழு வருஷத்தில் அவர்கள் ஒரே குரலில் பேசியது அன்றைக்குத்தான்.

வெற்றிவேல் குழம்பிப்போய் நின்றார். "மேளம் அடிச்சாங்களே! கெட்டிமேளம் கேட்டா கேமராவ வந்தவங்க பக்கம் திருப்பிடணும்பா. தாலி கட்டறப்ப சுத்தி நிக்கிறவன் முதுகுதான் தெரியும், அத எடுத்து இன்னா பண்றது? அட்சதை போடறவங்க மூஞ்சி வரலன்னா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க."

அரங்கத்துக்குள் நிர்மலாதேவி ஓடிவந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "பிரமாதம் சார்! இத்தனை வருஷமா நாங்க தேடிக்கிட்டிருந்த ஃபுட்பால் காட்சி இதுதான். இதுல ஃபுட்பாலே இல்ல! அந்தக் கடலையை மட்டும் முழுசா போடறோம். நாலு வாரம் விவாதிக்கலாம்."

கலியமூர்த்தியும் இராமதாஸும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மாவு முகத்தோடு வெளியே வந்து கடற்கரைக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள். ஆதாரம் என்று உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் ஒருவர் கடலை தின்றார். இனி காதுகுத்துக்கு இரண்டு பேருமே போக முடியாது.

வீட்டில் கலைவாணி காத்துக்கொண்டிருந்தாள். கையில் போன். போனில் இரண்டு உறுதிமொழித் தாள்கள்.

"இது உங்க கையெழுத்துதானே மாமா? இது உங்களுதுதானேப்பா?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"ஜென்மத்துல ஃபுட்பாலே ஆடினதில்லன்னு ஊருக்கே எழுதிக் குடுத்துட்டீங்க. ஆடாதவருக்கு ஏது கோலு? புடிக்காதவருக்கு ஏது கோடு? தீந்து போச்சு. ரெண்டு பேரும் காதுகுத்துக்கு வாங்க. ஆனா அங்க வந்து எவராவது பந்துன்னு வாயத் தொறந்தீங்க, இத ஃபிரேம் போட்டு வாசல்ல வாழமரத்துப் பக்கத்துல மாட்டிடுவேன்."

முப்பத்தேழு வருஷ வழக்கு அத்தோடு முடிந்தது. தங்கக் களம் தொலைக்காட்சி நாட்டுக்குச் செய்த ஒரே நன்மை இது என்பதை நான் பதிவு செய்தாக வேண்டும்.

ஆவணியில் அரியாங்குப்பம் கோவிலில் காதுகுத்து நடந்தது. பிள்ளையைத் தாய்மாமன் விஜய் மடியில் வைத்துக்கொண்டான். மொட்டைத் தலையில் சந்தனம். தாத்தாக்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் தாம்பாளத்தில் லட்டு.

ஆசாரி ஊசியை எடுத்தார். எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நெருக்கினார்கள். கலைவாணியின் முதுகு இந்தப் பக்கம் இருந்தது.

இராமதாஸ் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு லட்டை எடுத்து முக்காலியின் விளிம்பு ஓரமாக வைத்தார். இரண்டு கையையும் குவித்து அதைப் பிடித்துக்கொண்டார். கலியமூர்த்திக்கு அது எந்தக் கோடு என்று புரிந்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். இராமதாஸின் பழைய கைகள், சைக்கிள் ஆயிலின் கறுப்பு போகாத கைகள், ரொம்ப நேரம் அப்படியே இருந்தன. பிறகு மெல்ல விரிந்தன. ஒற்றை விரலால் லட்டைத் தட்டிவிட்டார். அது விளிம்பைத் தாண்டி உருண்டு கலியமூர்த்தியின் மடியில் விழுந்தது.

இராமதாஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது. கெட்டிமேளம் முழங்கியது. கலியமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சுற்றி நின்றவர்களின் முதுகுகளை விட்டுவிட்டு வெற்றிவேலின் கேமரா விருந்தினர் பக்கம் திரும்பி, நேராக அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்தது.

பந்தி நேரத்தில் கலியமூர்த்தி வெற்றிவேலை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். லட்டு இன்னும் சட்டைப் பையில் இருந்தது.

"அண்ணே, மேளம் அடிச்சப்போ எங்களத்தானே எடுத்த?"

"ஆமா. நீ அழுதுக்கினு இருந்த. நல்லா வந்திருக்கு."

"அதுக்கு முன்னால? லட்டு உருண்டது?"

"எல்லாரும் நெருக்கினதும் முதுகுதான் தெரிஞ்சுது, மேளத்துக்கு முன்னாலயே இந்தப் பக்கம் திருப்பிட்டேன். அதுலேர்ந்துதான் புடிச்சேன். கையத் தொறந்தது, தட்டினது, எல்லாம் இருக்கு."

"முழுசா இருக்கா?"

"முழுசா இருக்கு. ஆனா முழுசா இப்ப எவன் மூர்த்தி பாக்குறான்? கல்யாணத்தையே ரீல்ஸாத்தான் கேக்குறாங்க. எம் மருமவ எல்லாத்தையும் நாலு நாலு செகண்டா வெட்டிட்டு மீதிய அழிச்சுடுவா."

கலியமூர்த்தி அவர் இரண்டு கையையும் கேமராவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உன் கால்ல வேணா வுழறேன். அந்த அஞ்சாவது செகண்ட மட்டும் எனக்குக் குடுத்துடு."